கைவிடப்பட்ட கடலோரக் காற்றாலையைப் பார்ப்பது எப்படி: மதுரையிலிருந்து கிளம்புபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய காற்றாலை, நின்றுபோன அலை மின்நிலையம் மாதிரியான இடங்களுக்குப் போகிறவர்களில் பலர் டவரில் நாலு படி ஏறி ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கீழே நின்று பார்க்கத் தெரிந்தால் போதும், அந்த மெஷின் எந்தக் காலத்தது, எதனால் நின்றது, முறையாகப் பிரித்தார்களா, காற்றில் விழுந்ததா, திருட்டுப் போனதா என்பது முக்கால்வாசி பிடிபட்டுவிடும். இந்த வழிகாட்டி அப்படிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. சுவர் ஏறிக் குதிக்கிற வழி தேடுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

1. எதைப் பார்க்கப் போகிறோம்

நம் பக்கத்தில் முதலில் வருவது காற்றாலைதான். 1986-ல் தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் ரோட்டில் இருக்கும் முல்லைக்காட்டில் 55 கிலோவாட் மெஷின்களை நட்டு ஒரு மாதிரிப் பண்ணை போட்டார்கள். அதே காலத்தில் குஜராத்தின் ஓகாவிலும் மகாராஷ்டிராவின் ரத்னகிரியிலும் இதே மாதிரி வந்தன. நாட்டில் காற்றாலைப் பண்ணை என்று சொல்லத்தக்கவற்றில் முதல் வரிசை இவைதான். 1986 முதல் 1993 வரை நம் மின்வாரியம் பல ஊர்களில் மொத்தம் 120 மெஷின் போட்டது, எல்லாம் சேர்த்தே 19 மெகாவாட் சொச்சம். இன்றைக்கு 2 மெகாவாட் மெஷின் பத்து நட்டால் அந்த 120-ம் அடங்கிவிடும். சின்ன மெஷின்கள் ஏன் சாகின்றன என்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது: நல்ல காற்றுள்ள இடத்தைச் சின்னது பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதற்கு உதிரிபாகம் கிடைப்பதில்லை, செய்துகொடுத்த கம்பெனியே சில சமயம் இருப்பதில்லை. 2024-ல் தமிழக அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தனிக் கொள்கையே கொண்டுவந்திருக்கிறது, அதனால் இந்த வயதான மெஷின்களைப் பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் போவது நல்லது.

அடுத்தது அலை மின்நிலையம். அதற்கு எல்லை தாண்டி, கேரளத்தில் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விழிஞ்ஞம் போகவேண்டும், கடைசியில் அதற்கு வருகிறேன். இன்னொன்றும் உண்டு, ஆனால் பார்க்க ஒன்றுமே மிஞ்சவில்லை: தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடலில், மேல்நீரின் சூட்டுக்கும் அடிநீரின் குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே 1 மெகாவாட் எடுக்கிறோம் என்று 2000-களின் தொடக்கத்தில் 'சாகர் சக்தி' என்ற மிதவையைக் கொண்டுபோனார்கள். குளிர்ந்த நீரை உறிஞ்ச சுமார் 1 கிலோமீட்டர் நீளக் குழாயைக் கடலுக்குள் இறக்கவேண்டும், அந்த வேலைதான் சரிப்படவில்லை. மிதவை மட்டும் பிழைத்து, 2007-ல் சென்னைக்கு அப்பால் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனைக்குப் பயன்பட்டது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நேராகக் கடற்கரைக்குப் போகாமல் ஒரு தடவை திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் கயத்தாறு வரை போய்வாருங்கள். ரோட்டோரமே கண்ணுக்கு எட்டிய தூரம் ஓடுகிற காற்றாலைகள், குட்டையும் நெட்டையுமாக. மத்திய அரசின் காற்றாலைச் சோதனை நிலையமும் அந்த ஊரில்தான். ஓடுகிற மெஷினை நன்றாகப் பார்த்துப் பழகியிருந்தால்தான் நின்றுபோனதில் என்ன இல்லை என்பது தெரியும்.

2. வீட்டில் உட்கார்ந்து தேடுவது

வேலையில் பெரும்பகுதி மதுரையிலேயே முடிந்துவிடும். செயற்கைக்கோள் படத்தில் பழைய ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் போகும் வசதி கூகுள் எர்த்தில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். டவரைத் தேடாதீர்கள், மேலே இருந்து பார்த்தால் அது ஒரு புள்ளிதான். நிழலைத் தேடுங்கள். காலை வேளையில் எடுத்த படம் என்றால் டவரின் நிழல் தரையில் நீளமாக விழுந்திருக்கும், நுனியில் மூன்று பிளேடும் தெரியும். ஆண்டை ஒவ்வொன்றாக நகர்த்தினால் ஒரு கட்டத்தில் பிளேடு இல்லாத வெறும் கம்பம் மட்டும் நிழலாக நிற்கும், இன்னும் சில ஆண்டில் அதுவும் இருக்காது, ஒரு சதுர வெள்ளைத் தளம் மட்டும் இருக்கும். மெஷின் எப்போது செத்தது என்பதை இப்படி ஒன்றிரண்டு ஆண்டுக்குள் நெருங்கிவிடலாம்.

இடம் தெரிந்ததும் அது யாருடையது என்று பாருங்கள். நாம் வீட்டு மனைக்குப் பட்டா பார்க்கிற அதே அரசு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் 'அ' பதிவேடும் புலப்படமும் வரும். புறம்போக்கா, வாரிய நிலமா, தனியாருடையதா என்பது அதில் தெரியும். புல எண்ணுக்கு எங்கே போவது என்றால், தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: டவரின் அடியில் பெயிண்டால் உயர் அழுத்த இணைப்பு எண், புல எண், கிராமத்தின் பெயர் எல்லாம் எழுதி வைப்பார்கள். ரோட்டில் நின்றே பைனாகுலரில் படிக்கலாம். அந்த இணைப்பு எண்தான் மெஷினின் ஜாதகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்தில் கேட்டால் எந்த ஆண்டு இணைப்பு, யார் பெயரில் என்று சொல்ல வழி இருக்கிறது. வெறுமனே 'அந்த உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய காத்தாடி' என்று கேட்டால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

3. அனுமதி

கைவிட்ட இடம் என்பதால் அது யாருக்கும் சொந்தமில்லாத இடம் ஆகிவிடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவில் அத்துமீறி நுழைவதற்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மின்கம்பியோ உபகரணமோ எடுத்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 136-வது பிரிவு, அது இன்னும் கடுமை. சும்மா கிடந்த ஒரு போல்ட்டை ஞாபகார்த்தமாகப் பையில் போட்டேன் என்று போலீஸிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

உரிமையாளர் தெரிந்தால் அவருக்கு ஒரு பக்கக் கடிதம்: யார் நீங்கள், என்ன தேதி, எத்தனை பேர், எதற்கு, உள்ளே ஏற மாட்டோம், விபத்து நடந்தால் பொறுப்பு எங்களுடையது. வாரிய இடமென்றால் அந்தப் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகம். இரண்டுக்கும் பதில் வரவில்லையென்றால் வெளியே பொதுப்பாதையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், அதுவே நிறைய காட்டும். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலில் இருக்கும் 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே காலே வைக்கக்கூடாது.

காகிதம் ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம். உண்மையில் உங்களை உள்ளே விடுவதும் விடாததும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களும் வாட்ச்மேனும்தான். நம் ஊர் மாதிரி "அண்ணே" என்றாலும் தப்பில்லை, அந்தப் பக்கம் "அண்ணாச்சி" என்று ஆரம்பித்தால் முகம் இளகும், வயதான அம்மாக்களை "ஆச்சி" என்று கூப்பிடலாம். கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். "அண்ணாச்சி, இந்தக் காத்தாடி எப்ப நின்னுச்சு?" என்று ஒரு கேள்வி போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும், எந்தப் புயலில் பிளேடு போனது, எத்தனை நாள் லாரி வந்து பிரித்தது, எந்தக் குழியில் ஆடு விழுந்தது என்று வரிசையாக வரும். குழி விஷயத்தைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. எந்த மாதம், எத்தனை மணிக்கு

பிப்ரவரி, மார்ச். வடகிழக்குப் பருவமழை முடிந்து உப்பள வரப்புகள் காய்ந்திருக்கும், வெயில் இன்னும் முழுசாக ஏறியிருக்காது. முக்கியமாக, மே முதல் செப்டம்பர் வரையுள்ள காற்று சீசன் தொடங்கியிருக்காது. பராமரிப்பில்லாத மெஷினில் பிரேக் பிடிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, ஆடிக்காற்றில் அது தன்னிஷ்டத்துக்குச் சுற்றும். அந்த மாதங்களில் பக்கத்தில் போகவே வேண்டாம்.

மாட்டுத்தாவணியிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையிலேயே கிளம்பிவிட்டால் சாய்ந்த வெயிலில் துருவும் விரிசலும் தெளிவாகத் தெரியும், உப்பளத்திலும் அந்த நேரத்துக்கு ஆட்கள் இருப்பார்கள். பத்து மணிக்கு மேல் உப்பிலிருந்து எதிரொளிக்கிற வெயில் கண்ணைத் திறக்க விடாது.

5. பையில் என்ன

கணுக்கால் மூடும் ஷூ, கனமான பேண்ட், தோல் கையுறை. சீமைக்கருவேல முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வரும், மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. என்-95 மாஸ்க், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், டார்ச், அளக்கிற டேப், சின்னக் காந்தம் ஒன்று. காந்தம் எதற்கென்றால் இரும்பா அலுமினியமா என்று தொட்டுப் பார்க்க. எல்லாவற்றையும் விட பைனாகுலர்தான் முக்கியம், டவரில் ஏறும் ஆசையை அதுதான் தணிக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொண்டு போங்கள். குறைந்தது இரண்டு பேர், அதிகம் நான்கு. சின்னப் பிள்ளைகளை அழைத்துவர வேண்டாம்.

ட்ரோன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். துறைமுகம், விமான நிலையம், தெற்கே கூடங்குளம் என்று இந்தக் கடற்கரையில் தடைப் பகுதிகள் ஏராளம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் பச்சைப் பகுதியா என்று பார்க்காமல் அதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

6. அங்கே போய் நின்றதும்

உள்ளே போகாதீர்கள். முதலில் தூரத்தில் நின்று ஒரு முழுச் சுற்று. டவர் உயரத்தோடு பிளேடு நீளத்தைக் கூட்டி, அதில் ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள். 30 மீட்டர் டவர், 13 மீட்டர் பிளேடு என்றால் 65 மீட்டர். இந்தச் சுற்றில் பார்க்கவேண்டியது நான்கே விஷயம்: தொங்குகிற துண்டு ஏதாவது இருக்கிறதா, தேன்கூடு இருக்கிறதா (உயரமான கம்பம் என்றால் மலைத்தேனீக்குக் கொண்டாட்டம்), கம்பி எங்கே போகிறது, தரையில் மூடியில்லாத குழி எங்கே.

கம்பி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். மெஷின் செத்திருக்கும், லைன் உயிரோடு இருக்கும். 11 கேவி, 22 கேவி (11,000, 22,000 வோல்ட்) லைன் அதே கம்பங்கள் வழியாகப் பக்கத்து மெஷினுக்கோ உப்பள மோட்டாருக்கோ போய்க்கொண்டிருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும் வேலிக்குள் காலை வைக்காதீர்கள், அது துருப்பிடித்துப் பறவைக் கூடாகவே இருந்தாலும் சரி.

அப்புறம் பாம்பு. கன்ட்ரோல் ரூம் தரையில் கேபிள் போவதற்கு வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும், மேலே இரும்புத் தகடு மூடியிருக்கும். வெயில் நேரத்தில் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் அதை விட நல்ல இடம் கிடையாது. தகட்டைத் தூக்கிப் பார்க்கும் வேலை வேண்டாம். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிட்டுத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும். கூரை சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ், உடைந்து கிடப்பதை மிதித்துத் தூள் கிளப்பாதீர்கள்.

7. மெஷினைப் படிப்பது

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது, அவசரப்படாதீர்கள்.

டவரில் ஆரம்பியுங்கள். கோணக்கம்பிகளைப் போல்ட் போட்டுப் பின்னிய டவர் என்றால் பெரும்பாலும் பழைய தலைமுறை. 1990-களில் நம் பக்கம் நிறைய வந்த 225 கிலோவாட் மெஷின்கள் பல இப்படித்தான் நின்றன. குழாய் டவர் என்றால் அடியில் கதவு இருக்கும். பிளேடு நீளத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பிடியுங்கள்: 55 கிலோவாட் மெஷினில் சக்கரத்தின் விட்டமே 15 மீட்டர்தான், 225-ல் 27 மீட்டர்.

இப்போது பைனாகுலரை எடுத்துப் பிளேடின் நுனியைப் பாருங்கள். நுனிக்குக் கொஞ்சம் முன்னால் குறுக்கே ஒரு வெட்டுக் கோடு தெரிகிறதா? அது உடைசல் இல்லை, பிரேக். அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றில் பிளேடை முழுசாகத் திருப்ப முடியாது. காற்று அதிகமானால் நுனித் துண்டு மட்டும் 90 டிகிரி திரும்பிக் காற்றுக்குக் குறுக்கே நிற்கும், சுற்று குறையும். செத்த மெஷின்களில் சிலது நுனி திரும்பிய நிலையிலேயே உறைந்து நிற்கும். அப்படி இருந்தால் அது கடைசியாக நின்றது பிரேக் போட்டுத்தான் என்று எழுதிக்கொள்ளலாம். மூன்று நுனியில் ஒன்று மட்டும் திரும்பியிருந்தால் எதோ கோளாறு. கோடே இல்லையென்றால் பிளேடு அடியோடு திரும்புகிற வகையாக இருக்கலாம், அங்கே வேறு கதை.

டவரின் மேலிருந்து கறுப்பாக எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் கியர்பாக்ஸ் சீல் போயிருக்கிறது. ரொம்ப நாள் ஒழுகியே ஓடியிருக்கிறது என்று அர்த்தம், தடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு அலட்சியம்.

அடித்தளத்துக்கு வாருங்கள். கடலோரத் துரு தனி ரகம், ஒரு பெரிய நட்டை உற்றுப் பாருங்கள்: வெளிப்பக்கம் மெல்லிய ஏடு ஏடாகப் பிரிந்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய அடையைப் போலப் பொரிந்து நிற்கும், கோணங்களெல்லாம் தேய்ந்து ஸ்பேனர் பிடிக்கவே முடியாத உருண்டையாகியிருக்கும். கடலைப் பார்த்த பக்கத்து நட்டையும் மறுபக்கத்து நட்டையும் ஒப்பிட்டுப் படம் எடுங்கள், வித்தியாசம் தெரியும். கான்கிரீட் பீடத்தில் நேர்கோட்டில் விரிசல் ஓடினால் உள்ளே அந்தக் கோட்டில் கம்பி இருக்கிறது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பெருத்து கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது.

டவர் இல்லாமல் நான்கு பீடம் மட்டும் இருந்தால் வெட்டுமுனையைப் பாருங்கள். உருகி வழிந்த சொட்டுகள் உறைந்திருந்தால் கேஸ் கட்டிங், அதாவது ஏலம் போட்டு முறையாகப் பழைய இரும்புக்கு விற்றிருக்கிறார்கள். முறுக்கிப் பிய்ந்திருந்தால் விழுந்தது. கன்ட்ரோல் ரூம் கதவு நெம்பியிருந்து, கேபிள் அடியோடு அறுபட்டு, பக்கத்தில் தரை கருகிக் கிடந்தால் செம்புக்காக வந்தவர்கள் அங்கேயே ரப்பரை எரித்துக் கம்பியை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

கீழே விழுந்து கிடக்கும் பிளேடைத் தொடாதீர்கள். வெயிலில் மேல்பூச்சு போனதும் கண்ணாடி இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கையில் ஏறினால் ராத்திரி முழுக்க அரிக்கும். ஏறிவிட்டால் தேய்க்காமல் செலோடேப் ஒட்டிப் பிடுங்கிவிட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

8. நேரமிருப்பவர்களுக்கு விழிஞ்ஞம்

ராத்திரி ரயிலில் திருவனந்தபுரம், அங்கே கிழக்கே கோட்டையிலிருந்து பஸ். டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் போங்கள், கடல் அமைதியாக இருக்கும்.

சென்னை ஐஐடி 1983-ல் தொடங்கிய அலை ஆற்றல் ஆய்வு கடலில் இறங்கிய இடம் இது. சுமார் 3,000 டன் கான்கிரீட் பெட்டியை இழுத்துவந்து 1990 டிசம்பரில் கடலடியில் உட்கார வைத்தார்கள், 1991-ல் மின்சாரம் வந்தது. 150 கிலோவாட் மெஷின். வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது: பெட்டியின் அடிப்பக்கம் கடலுக்குத் திறந்திருக்கும், அலை உள்ளே ஏறினால் காற்று மேலே தள்ளப்படும், இறங்கினால் காற்று உள்ளே இழுக்கப்படும். போகிற காற்றுக்கும் வருகிற காற்றுக்கும் ஒரே திசையில் சுற்றுகிற டர்பைன் ஒன்று மேலே உட்கார்ந்திருந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரி 75 கிலோவாட், டிசம்பர் முதல் மார்ச் வரை 25 என்பது எதிர்பார்ப்பு. நாம் வசதியாகப் போய்ப் பார்க்கிற மாதங்கள்தான் அதற்குப் பஞ்சகாலம். பிற்பாடு அந்த மின்சாரத்தில் தினம் 10,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கவும் செய்தார்கள். 2011-ல் கதை முடிந்தது.

அலைத்தடுப்புச் சுவரிலிருந்து பெட்டிக்கு சுமார் 45 மீட்டர் நீள இரும்புப் பாலம் போட்டிருந்தார்கள். அந்த வழியை நினைக்கவே வேண்டாம், நீந்தியும் போகவேண்டாம், மீன்பிடித் துறைமுகத்தில் படகுப் போக்குவரத்து ஓயாது. கோவளம் பக்கத்துக் கலங்கரை விளக்கத்தில் டிக்கெட் எடுத்து மேலே போனால் விழிஞ்ஞம் கடற்கரை விரிந்து தெரியும், பைனாகுலர் இங்கேதான் காசுக்கு ஈடுகட்டும். கரையில் மீனவர்களிடம் தமிழில் பேசலாம், "சேட்டா" என்று ஆரம்பித்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் புதிய சர்வதேசத் துறைமுகம் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தத் திசையில் கேமராவை நீட்டி வம்பை விலைக்கு வாங்காதீர்கள். கடலில் யாருக்காவது ஆபத்தென்றால் கடலோரக் காவல்படை எண் 1554, கரையோரப் போலீஸுக்கு 1093.

9. திரும்பி வந்ததும்

அன்றைக்கே எழுதிவிடுங்கள்: இணைப்பு எண், டவர் வகை, நுனி பிரேக் உண்டா, வெட்டுமுனை எப்படி, யார் என்ன சொன்னார்கள். சொன்னவரின் பெயரைப் பொதுவில் போடாதீர்கள். படத்தைப் போடும்போது இடக்குறியீட்டை எடுத்துவிட்டு, ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கேபிள் இன்னும் மிச்சமிருக்கும் மெஷின் என்றால் ஊர்ப் பெயர்கூட வேண்டாம், அந்தப் படத்தை முதலில் பார்ப்பது செம்பு தேடுகிறவனாகத்தான் இருக்கும். அனுமதி தந்தவருக்கும் வாட்ச்மேனுக்கும் படங்களை வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.

பைக்கில் போனவர்கள் மதுரை வந்து இறங்கியதும் தூங்கப்போகாமல் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தை, குறிப்பாக மட்கார்டு உள்பக்கத்தையும் செயினையும், கழுவிவிட்டு எண்ணெய் விடுங்கள். லென்ஸை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தூள் கீறிவிடும், முதலில் ஊதி, அப்புறம் ஈரத்துணி.